யார் வீட்டு நாய்?

தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். எங்கள் தாமல், காஞ்சிபுரம் பக்கமெல்லாம் நெசவாளிக்குத் தெருவும் தறிக்கூடம்தான். விடியற்காலையில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகச் சரிபார்ப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போகும். மிதித்தவர் கத்துவார். "எங்க நாய் இல்லீங்க, தெரு நாய்" என்று பதில் வரும். கழுத்தில் பட்டை இருக்கும். ஆனாலும் தெரு நாய்! அப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. தீபாவளிப் பலகாரம்கூடப் போகாது.

மாட்டுச்சாணி விழுந்தால் கூடையோடு ஓடுகிறோம். நாய்க்கழிவை யாரும் தொடுவதில்லை. அதிலுள்ள கொக்கிப்புழு மண்ணில் வளர்ந்து, வெறுங்காலோடு விளையாடும் பிள்ளையின் தோல் வழியாக நுழையும்.

நாய் வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. பொது இடத்து அசுத்தத்தை வளர்ப்பவரே அகற்றும்படியும் அதே வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது. முதல் பாதிதான் எல்லோருக்கும் மனப்பாடம்! நியூயார்க்கில் 1978 முதலே அள்ளாவிட்டால் அபராதம்.

பட்டு இருக்கிற வீட்டுக்கு நாய் வேண்டும்தான். சோறு போடுகிறவரே அள்ளட்டும். பழைய பேப்பர், ஒரு பிடி மண், கொல்லையில் ஒரு குழி போதும்.

வீட்டில் முதலில் படித்தவன் என்பதால் தெருவுக்கே நான்தான் ரைட்டர். நாய் மேல் மனு எழுதச் சொல்லி வந்தார்கள். வளர்ப்பவர் பெயரைச் சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றேன். இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.