கயாக்குக்கும் ஒரு துறை வேண்டும்

சென்னைக்குப் படகு புதிதல்ல: மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் தொடங்கியது. பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் தோணியில் சென்னைக்கு வந்தன. இன்று நகருக்குள் அந்தக் கால்வாயிலும் அடையாற்றிலும் சாக்கடை கலக்கிறது. அதனால் கயாக்கில் துடுப்புப் போட ஆசைப்படுவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறார்கள்.

முட்டுக்காடு உப்பங்கழி அதற்கு ஏற்ற இடம். ஆழம் குறைவு, கடலலையின் அடி இல்லை. ஆனால் முகத்துவாரத்தை நெருங்கிவிடக் கூடாது: வற்றுநீர் கடலை நோக்கி இழுக்கும், புதியவரால் எதிர்த்துத் துடுப்பிட முடியாது.

எனவே முகத்துவாரத்துக்கு எட்டத்தில், மீனவர் வலைக்கு இடைஞ்சலின்றி, சரிவான கரை, வண்டி நிறுத்துமிடம், ஓத நேரப் பலகை ஆகியவற்றோடு பொதுப் படகுத்துறை ஒன்றை அரசு அமைக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. உயிர்காப்பு அங்கியைக் கட்டாயமாக்குங்கள்.