மனைவியை அழைக்கத் தமிழைக் கைவிடுவதா?

கனடாவில் வாழும் தமிழிளைஞர் பலர் தமிழீழத்திலும் தமிழ்நாட்டிலும் பெண்ணெடுத்து மணக்கின்றனர். மனைவிக்கு அந்நாட்டு நிலைவாழ்வுரிமை வேண்டுமாயின் கணவன் அரசுக்குப் பொறுப்புறுதி எழுதித் தருதல் வேண்டும். அவ்வுறுதியின் உட்பொருளை மணப்பந்தரிடுமுன் ஆராய்வார் மிகச் சிலரே.

கனடாக் குடிமகன் வேற்று நாட்டிலிருந்துகொண்டே மனைவிக்குப் பொறுப்பேற்கலாம். அவள் உரிமை பெற்றதும் கனடாவில் வாழப்போவதை மட்டும் அவன் காட்டியாக வேண்டும். நிலைவாழ்வுரிமை மட்டும் உடையவனுக்கு அவ்வாய்ப்பில்லை. அவன் அங்கேயே குடியிருந்தாக வேண்டும். புதுமனைவியோடு ஊரில் தங்கிவிட்டால் பொறுப்பேற்கும் தகுதியே போய்விடும். இவ்வேறுபாடறியாமல் வேலையை விட்டு ஊர் திரும்புவது பேதைமை.

உரிமை கிடைத்த நாள்முதல் மூன்றாண்டுக்கு மனைவியின் உணவு, உடை, உறையுள் கணவன் பொறுப்பாம். இடையில் அவள் அரசின் வறுமைநல்கை பெற நேர்ந்தால் அத்தொகையை அவனே திருப்பிக் கட்டவேண்டும். மணமுறிவு நேர்ந்தாலும் இக்கடன் நீங்காது. மனைவியைக் காப்பதாக அரசிடம் கையெழுத்திடுபவன், அதே கையை மாமனாரிடம் மணக்கொடைக்கு நீட்டுகின்றானே! 'கனடா மாப்பிள்ளை' என்று விலையும் கூடுகின்றது. வெட்கக்கேடு!

அங்குச் சென்றபின், "திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று மனைவியை மிரட்டுவாரும் உளர். மணமாகி ஈராண்டு நிறையாத, குழந்தையில்லாத இணையர் ஈராண்டு சேர்ந்து வாழ்ந்தாலன்றி உரிமை நிலைக்காது என்னும் கட்டுப்பாடு 2012-இல் வந்தது உண்மை. கொடுமைக்கு ஆளானவளுக்கு அப்போதும் விலக்குண்டு. 2017-இல் அக்கட்டுப்பாடே நீக்கப்பட்டது. மெய்யாக மணந்து உரிமை பெற்றவளை, மணம் முறிந்தது என்பதற்காகவே கணவன் வெளியேற்ற முடியாது. இதனை ஒவ்வொரு தமிழ்மகளும் அறிந்துகொண்டே வானூர்தி ஏறவேண்டும்.

இனி மொழிக்கு வருவோம். மணம் போலியன்று என மெய்ப்பிக்க அழைப்பிதழ், ஒளிப்படம், இருவர்தம் மடல்கள் யாவும் விண்ணப்பத்தோடு அடுக்கப்படுகின்றன. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பு இணைத்தல் வேண்டும். விண்ணப்பிப்பவரும் குடும்பத்தாரும் அதனைச் செய்தல் கூடாது. கணவனுக்கு மனைவி எழுதிய மடலை அயலானொருவன் படித்துப் பெயர்க்க வேண்டும். கூச்சந்தான், செலவுந்தான். அதற்காக அழைப்பிதழையே ஆங்கிலத்தில் அச்சிடுவதும், கோப்புக்கென்றே கணவனும் மனைவியும் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வதும் என்ன அடிமைத்தனம்! தமிழில் எழுதாதே என்று அவ்வரசு சொல்லவில்லை, பெயர்ப்பைத்தான் கேட்கின்றது. ஒரு பட்டுப்புடைவையின் விலைக்கு எத்தனையோ மடல்களைப் பெயர்த்துவிடலாம்.

தீ வளர்த்து வடமொழி ஓதிய படங்கள் இல்லையெனில் அலுவலர் ஐயுறுவார் என்றொரு பேச்சும் உலவுகின்றது. மணம் நடந்த நாட்டின் சட்டப்படியும் கனடாச் சட்டப்படியும் செல்லுமா என்பதே அங்குக் கேள்வி. 1967-இல் அண்ணாவின் அரசு கொண்டுவந்த திருத்தத்தால், தமிழ்நாட்டில் உற்றார்முன் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் தன்மதிப்புத் திருமணம் சட்டப்படி செல்லும். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதியச் சொல்கின்றது. அப்பதிவுச் சான்று கையிலிருக்க, அயல்நாட்டு அலுவலனுக்காக ஓமப்புகையில் கண்கலங்கி நிற்பானேன்?