சேமிக்கத் தெரியாதவர்களா நாம்?

போன மாதம் ஒரு காலனியில் நடந்த நிதிக் கல்வி முகாமில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சியாளர் போர்டில் இரண்டு பட்டியல் போட்டார்: தேவை, ஆசை. டீ, செல்போன் ரீசார்ஜ், பொங்கலுக்கு எடுத்த புதுத்துணி எல்லாம் 'ஆசை'க்குப் போயின. "தினமும் பத்து ரூபாய் சேமித்தால் வருடத்துக்கு 3,650 ரூபாய்" என்றார். பின்வரிசையில் ஒரு அக்கா கேட்டார்: "வாரத்துல மூணு நாள்தான் சார் வேலை. மீதி நாலு நாளைக்கு அந்தப் பத்து ரூபாய யாரு குடுப்பா?" அவர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

தோழர்களே, இந்த முகாம்கள் ஒரு பொய்யின் மேல் நிற்கின்றன. பணத்தைக் கையாளத் தெரியாததால்தான் நம் மக்கள் ஏழைகளாக இருக்கிறார்கள் என்ற பொய். கூலி, ரேஷன், குழுத் தவணை, சீட்டு, கைமாத்து என ஐந்து கணக்கை மனதிலேயே வைத்துக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கா பட்ஜெட் பாடம்?

கடன் ஏன் வருகிறது என்று கேளுங்கள். வங்கி ஈடு கேட்கிறது. ஈடு வைக்க நிலம் எங்கே? 1892 ஆணையின் தொடர்ச்சியாக நமக்கென ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அதில் ஏராளம் கைமாறிப் போனது. அந்த வெற்றிடத்தில்தான் ஈடு கேட்காத நுண்கடன் நிறுவனம் வாசலுக்கு வருகிறது.

நிதிக் கல்வியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் கொடுப்பவரின் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள் என்கிறேன். "ஒரு ரூபாய் வட்டிதான்" என்று 50,000 ரூபாய் தருகிறார்கள். இரண்டு வருடத்துக்கு வட்டி 12,000. மாதத் தவணை 2,583. அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டியோ கடைசிவரை முழு 50,000க்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 12 அல்ல, சுமார் 21.5 சதவீதம்.

ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிகளையும் சொல்லிக் கொடுங்கள். ஒரு குடும்பத்தின் மொத்தத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. கடன் அட்டை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தவணை கேட்டு அழைக்கக்கூடாது, மிரட்டக்கூடாது. நான் போன எந்த முகாமிலும் இதை யாரும் சொன்னதில்லை.

அம்பேத்கர் பொருளாதாரம் படித்தவர். 1947ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையில் அவர் கேட்டது விவசாய நிலம் அரசுடைமை ஆகவேண்டும், சாதி பார்க்காமல் குத்தகைக்குத் தரவேண்டும் என்பதை. உண்டியல் வாங்கிக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை.

மாணவர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் பத்துக் கடன் அட்டைகளை வாங்கிப் படியுங்கள். உண்மையான வட்டியைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். விதி மீறல் இருந்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். கூடவே உங்கள் ஊர் பஞ்சமி நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் ஆர்டிஐ போடுங்கள்.