கோச்சி ஏன் நின்றதென்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை

"கோச்சி நிக்குது தம்பி. ஏன்னு தெரியல."

2024 ஓகஸ்டில் ஒரு நாள், பகல் பன்னிரண்டு மணி வாக்கில் அம்மா போனில் சொன்னது இவ்வளவுதான். கண்ணில் புரை வளர்ந்திருந்தது. கொழும்பில் கிளினிக்குக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். தோட்டத்திலிருந்து விடியவே இறங்கி, ஹாலிஎலயில் கோச்சி ஏறி வந்துகொண்டிருந்தார். நான் கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலை செய்கிறேன். கோட்டை ஸ்டேசனில் வந்து நிற்பேன் என்று சொல்லியிருந்தேன்.

அதற்குப் பிறகு போன் எடுபடவில்லை. மலையில் அது வழக்கம்தான். நடந்ததை அம்மா வந்த பிறகுதான் கேட்டறிந்தேன். மழைக்கு மண்ணும் மரமும் பாதையில் சரிந்துவிட்டன. கோச்சி ஒரு ஸ்டேசனில் நின்றது. ஒலிபெருக்கியில் சிங்களத்தில் ஏதோ சொன்னார்கள். பிறகு சீருடை போட்ட ஒருவர் பெட்டி பெட்டியாக ஏறி, வெள்ளைக்காரப் பிள்ளைகள் இருந்த ஒவ்வொரு ஆசனத்தருகிலும் நின்று, இங்கிலீசில் பொறுமையாக விளக்கினார். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் அம்மாவோடு தோட்டத்துப் பெண்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களையும் தாண்டித்தான் அவர் போனார்.

ஒற்றைப் பாதை என்பதால் எதிரே வரும் கோச்சிக்கு வழிவிட்டு நிற்பது எங்கள் பக்கம் புதிதல்ல. அதைத்தான் அவர்களும் நினைத்தார்கள். சனம் இறங்குவதைப் பார்த்து, தேத்தண்ணி குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார்கள். முக்கால் மணித்தியாலம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், மறந்துவிட்டுப் போன பையொன்றை எடுக்க வந்த வெளிநாட்டுப் பெண்ணொருத்தி இவர்களைப் பார்த்திருக்கிறாள். இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து, கோச்சி போகாது என்று காட்டினாள். பிறகு ஸ்டியரிங் பிடிப்பதுபோல் கையைச் சுற்றி வெளியே காட்டினாள். அப்போதுதான் விளங்கியது. சரிவுக்கு அப்பால் உள்ள ஸ்டேசனுக்கு ஆட்களை ஏற்றிப் போக பஸ்கள் வந்திருந்தன. அம்மா ஓடிப்போய் ஏறியது கடைசி பஸ்ஸில். அங்கிருந்து இன்னொரு கோச்சியில் இடமில்லாமல் நின்றுகொண்டே வந்தார். இரவு கோட்டையில் இறங்கியபோது இரண்டு காலும் வீங்கியிருந்தன.

அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். அவளுக்கு இங்கிலீசில் சொன்னதிலும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பாஷை தெரியாத ஊரில் வழியில் நிற்பவருக்குச் சொல்லத்தான் வேண்டும். என் வயிற்றெரிச்சல் வேறு. பதுளை மாவட்டத்தில் பிறந்து, பதுளை மாவட்டத்தில் கொழுந்தெடுத்து, முதுகு வளைந்த ஒரு பெண்ணுக்குத் தன் நாட்டுக் கோச்சியில் நடப்பதை, எங்கோ தூர தேசத்திலிருந்து பத்து நாள் விடுமுறைக்கு வந்த பிள்ளை சைகையில் சொல்ல வேண்டியதாயிற்றே.

"அம்மாவுக்குச் சிங்களம் தெரியாதா?" என்று கேட்டவர்கள் உண்டு. தெரியும். சந்தையில் விலை கேட்கவும் பஸ்ஸில் இறங்கும் இடம் சொல்லவும் தெரியும். ஒலிபெருக்கியில் கரகரத்து வரும் கந்தோர்ச் சிங்களம் அவருக்குத் தெரியாது. பெட்டியில் கூட இருந்த சிங்களச் சனத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். இவர்களுக்கு விளங்கியிருக்கும், யாருக்கோ காத்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் இறங்கிப் போயிருப்பார்கள். அறிவிக்க வேண்டிய கடமை அவர்களுடையதல்லவே.

ஐரோப்பாவைக் கோச்சியில் சுற்றப் போகும் இங்கிலீசுக்காரருக்கும் இந்தத் தவிப்பு வருமாம். இத்தாலியில் ஏதோ சின்ன ஸ்டேசனில் கடைசி நிமிடத்தில் மேடையை மாற்றி, அதை இத்தாலியனில் மட்டும் சொன்னால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நிற்பார்களாம். அந்தத் தவிப்பு எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் அவர்கள் ஊர் திரும்பியதும் அது முடிந்துவிடும். எங்களுக்கு ஊரே அதுதான்.

அதே ஐரோப்பாவில் சுவிஸைப் பற்றி, சூரிச்சில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் சொல்வார். பேர்னிலிருந்து லொசானுக்குப் போகும் ரயிலில், மொழி எல்லை தாண்டியதும் அறிவிப்பும் ஜெர்மனிலிருந்து பிரெஞ்சுக்கு மாறிவிடுமாம். கிழக்கு மலைகளில் றோமன்ஷ் என்றொரு மொழி இருக்கிறது. அதைப் பேசுவோர் அந்த நாட்டில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1938 இல் வாக்கெடுப்பு வைத்து அதைத் தேசிய மொழியாக்கினார்கள். அந்த மலைப் பக்கத்து ரயிலில் அடுத்த தரிப்பிடத்தை அந்த மொழியிலும் சொல்கிறார்கள். இங்கோ, 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர்.

சட்டத்தில் குறையில்லை. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. அடுத்த வருடம் 16 ஆவது திருத்தம் வந்தது. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் வந்தது. பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகள் என்று வர்த்தமானியிலும் இருக்கிறது. ஸ்டேசன் பெயர்ப் பலகைகளிலும் தமிழ் இருக்கிறது. தெமோதரை, எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை என்று எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வரலாம். பலகையில் எழுதிய தமிழுக்கு, கோச்சி நின்றுபோன நேரத்தில் ஒரு வாய் இல்லை.

இந்தப் பாதையை யாருக்காகப் போட்டார்கள்? முதலில் கோப்பி, பிறகு தேயிலை. 1894 இல் பண்டாரவளைக்கு வந்த தண்டவாளம் பதுளையைத் தொட இன்னும் முப்பது வருடம் பிடித்தது. அம்மா மாட்டிக்கொண்ட 2024, அந்தப் பாதை பதுளைக்கு வந்து நூறாவது வருடம். எங்கள் சனம் பறித்த கொழுந்துதான் பெட்டி பெட்டியாக அதில் இறங்கிப் போனது. எங்கள் சனமும் போனது. 1964 இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் எங்களில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்தாகி, பிறகு குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்கு ஏற்றினார்கள். அம்மாயியின் தங்கச்சி அப்படிப் போனவர்தான். வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் கட்டிப்பிடித்துக் கதறியதால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். அன்றைக்கு எந்தக் கோச்சியில் ஏற வேண்டும் என்று எங்களுக்கு விளங்கும்படி சொல்ல ஆள் இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு முன்கூட்டியே ஆசனம் பதிந்திருந்தால் பாதிச் சிரமம் குறைந்திருக்கும். முயன்றேன். பதிவு திறந்து நான் பெயரை அடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எல்லப் பக்கம் போகும் ரயில்களின் டிக்கட்டுகளை மொத்தமாக வாங்கி, வெளிநாட்டவருக்குக் கூடிய விலைக்கு விற்றதாக 2025 ஜனவரியில் ஆட்கள் கைதான செய்தி வந்தபோதுதான் எனக்குக் காரணம் விளங்கியது. அம்மா வந்த அந்த ஓகஸ்டில் அவருக்கு ஒரு நாள் பேருக்குச் சம்பளம் 1,000 ரூபா. 2024 செப்டெம்பரில்தான் அது 1,350 ஆனது. ஏமாற்று விலைக்கு வாங்க அவரிடம் என்ன இருக்கிறது? நின்றுகொண்டு வந்தார்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. எங்கள் பாதையில் ஓடும் ஒவ்வொரு கோச்சியிலும் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். அதுவும் முடியாதென்றால், பாதையில் வழக்கமாக நேரும் பத்துப் பன்னிரண்டு காரியங்களைத் தமிழில் பதிந்து வைத்து, தேவையான நேரத்தில் போடட்டும். கோச்சி தாமதம், மேடை மாற்றம், மண்சரிவு, இறங்கி பஸ்ஸில் ஏறவும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ தமிழ் படித்த பிள்ளையொன்று அரை மணித்தியாலத்தில் பேசிக் கொடுத்துவிடும்.

கண் ஒப்பரேசனுக்கு அடுத்த திகதி வந்தபோதும் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மா தனியாகத்தான் வர வேண்டியிருந்தது. முந்தின கிழமை தோட்டத்துக்குப் போயிருந்தபோது ஒரு தாளில் சிங்களத்தில் எழுதினேன்: 'இவருக்குச் சிங்களம் அதிகம் தெரியாது. கோச்சியில் ஏதாவது அறிவித்தால் சைகையிலாவது சொல்லுங்கள்.' கீழே என் போன் நம்பரைப் போட்டு, நாலாக மடித்து அம்மாவின் பர்ஸில் வைத்தேன்.

அம்மா அதை எடுத்து விரித்து, கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார்.

"இதுல என்ன தம்பி எழுதியிருக்கு?"