மட்டப்பலகை போட்ட பாட்டு

அக்கா மகன் வீட்டிலேயே இசையமைக்கிறவன். ஒரு மடிக்கணினி, ஒரு மைக், ஒரு ஹெட்போன். அதுதான் ஸ்டுடியோ. போன ஞாயிற்றுக்கிழமை புதுப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினான். மெட்டு நன்றாக இருந்தது. ஆனால் இரண்டாவது நிமிடத்திலேயே ஹெட்போனைக் கழற்றிவிடலாம் போலிருந்தது. திரையைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. ஒலியலையின் படத்தில் மேடு பள்ளமே இல்லை. கொத்தனார் மட்டப்பலகை வைத்து இழுத்த சிமென்ட் தரைபோல மேலேயும் கீழேயும் ஒரே மட்டம்.

“சத்தம் பத்தலைன்னு சொன்னாங்க மாமா. அதான் லிமிட்டரை ஏத்திட்டேன்” என்றான்.

சத்தத்தைக் கூட்டுவதற்காகப் பாட்டை நசுக்கும் இந்த நோயைப் பற்றிப் பல வருடங்களாக யார் காது கொடுத்தாலும் பேசி வருகிறேன். அது என் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டதைப் பார்க்க வருத்தமாக இருந்தது. அன்று அவனுக்கு நீல் பியர்ட்டின் கதையைச் சொன்னேன்.

கனடாவின் ரஷ் குழுவில் மூன்றே பேர் இருந்தார்கள். அதில் டிரம்ஸ் வாசித்தவர் பியர்ட். ராக் இசையில் அவர் கைகளுக்குத் தனி மரியாதை. 1997 ஆகஸ்டில் அவருடைய மகள் கார் விபத்தில் இறந்துபோனாள். அடுத்த ஜூனில் மனைவியைப் புற்றுநோய் கொண்டுபோனது. நான் ஓய்வு பெற்றுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று குழுவினரிடம் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறி வட அமெரிக்கா முழுக்க அலைந்தார். எண்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். பிறகு மெல்லத் திரும்பி வந்து குச்சியைக் கையில் எடுத்தார். 2002 மே மாதம் ‘வேப்பர் டிரெய்ல்ஸ்’ இசைத்தட்டு வெளிவந்தது. அதன் முதல் பாட்டு அவருடைய டிரம்ஸோடுதான் தொடங்குகிறது. வேறு எந்த வாத்தியமும் சேர்வதற்கு முன் அவர் தனியாக முழங்குகிறார். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு மனிதன் சொல்வதற்கு அதைவிட என்ன வேண்டும்?

அந்த அடிகள்தான் நசுங்கிக் கிடந்தன.

எந்தத் தோல்கருவியானாலும் கோல் படும் முதல் கணத்தில் ஒலி ஊசிபோல எழும்பும். அதன் பின் வருவது கார்வை. அடி விழுந்தது என்று நம் காதுக்குச் சொல்வது அந்த ஊசிமுனைதான். சிடியில் ஒலி எண்களாகப் பதிகிறது. அந்த எண் 32,767-ஐத் தாண்ட முடியாது. அதுவே கூரை. பாட்டு முழுவதையும் இன்னும் உரக்கக் கேட்கவைக்க வேண்டுமானால், எழும்பும் முனைகளையெல்லாம் அமுக்கியோ சீவியோ விட்டு, மிச்சத்தைக் கூரைவரை தூக்க வேண்டும். கம்ப்ரஷன், லிமிட்டிங் என்பதெல்லாம் இந்த வேலைதான். (எம்பி3 கோப்பைச் சிறிதாக்குவதற்கும் கம்ப்ரஷன் என்றே பெயர். அது வேறு சங்கதி.) அளவோடு செய்தால் இதில் தப்பே இல்லை. பாடகர் மைக்கிலிருந்து சற்று விலகினாலும் வார்த்தை அமிழ்ந்துவிடாமல் காப்பது கம்ப்ரஷன்தான். நான் சண்டை போடுவது அளவு மீறுவதோடு.

ரிப் ரோவன் என்ற ஒலிப்பொறியாளர் அதே 2002-ல் ரஷ்ஷின் பழைய சிடிகளின் அலைப்படங்களையும் ‘வேப்பர் டிரெய்ல்ஸ்’ சிடியின் படத்தையும் வரிசையாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பழையவற்றில் மலையும் சமவெளியும் தெரிந்தன. புதியதில் கரும்பட்டை ஒன்றுதான் இருந்தது. பிறகு குழுவினரும் குறையை ஒப்புக்கொண்டார்கள். மாஸ்டரிங் என்ற கடைசிக் கட்டத்தை மட்டும் திருத்திப் பயனில்லை. சேதம் அதற்கு முன்பே நடந்திருந்தது. கடைசியில் டேவிட் பாட்ரில் மூலப் பதிவுகளிலிருந்து முழு இசைத்தட்டையும் மறுபடி மிக்ஸ் செய்தார். அது வெளியானது 2013-ல். ஒரு மனிதன் திரும்பி வந்த சத்தம் சரியாகக் கேட்க 11 வருடங்கள்.

எதற்காக இப்படிச் செய்கிறார்கள்? ஒரே பாட்டை இரண்டு முறை போட்டு, இரண்டாம் முறை சத்தத்தைத் துளி கூட்டினால், இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்று காது சொல்லும். கூட்டியது தெரியாது, நன்றாக இருப்பதாக மட்டும் தோன்றும். பக்கத்துப் பாட்டை விடத் தன் பாட்டு அமுங்கிவிடுமோ என்ற பயம் ஜூக்பாக்ஸ் காலத்திலேயே இருந்தது. 1994-ல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 லிமிட்டர் வந்த பிறகு, முனை எழும்புவதற்கு முன்பே அதை எதிர்பார்த்து அமுக்குவது எல்லோருக்கும் கைவந்தது. அதன் பின் கடிவாளமே இல்லை. வானொலியில் உரக்கக் கேட்பதற்காக என்று சொல்வதும் எடுபடாது. வானொலி நிலையங்கள் 1970களிலிருந்தே ஆப்டிமாட் போன்ற கருவிகளை வைத்து எல்லாப் பாட்டையும் தாங்களே ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருகின்றன. ஏற்கெனவே நசுக்கிய பாட்டை அந்தக் கருவி இன்னொரு முறை நசுக்கும், அவ்வளவே.

இதை எதிர்த்து முதலில் உரக்கக் குரல் கொடுத்தவர்களில் ரசிகர்களும் உண்டு. எனக்கு அதில் பெருமை. 2008-ல் மெட்டாலிக்கா குழுவின் ‘டெத் மேக்னெட்டிக்’ இசைத்தட்டு வந்தபோது, அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டில் சிடியைவிடத் தெளிவாக இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் அவர்களே. மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனோ, தன்னிடம் வரும்போதே அது அப்படித்தான் வந்தது என்றார். அதே வருடம் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் இசைத்தட்டுக்கு மாஸ்டரிங் பொறியாளர் பாப் லட்விக் மூன்று வடிவங்கள் செய்து கொடுத்தார். அவர்கள் எடுத்துக்கொண்டது மூன்றில் மிகக் குறைவாக அமுக்கியதை. கேட்டுப் பார்க்க வாய்ப்பு கொடுத்தால் கலைஞர்கள் சரியானதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நான் நம்புவது இதனால்தான்.

2010-லிருந்து இங்கிலாந்தின் ஒலிப்பொறியாளர் இயன் ஷெப்பர்ட் இந்த எதிர்ப்புக்காக டைனமிக் ரேஞ்ச் டே என்று ஒரு நாளையே நடத்தினார். 2013-ல் ஆப்பிளின் இணைய வானொலி எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரத் தொடங்கியபோது, சத்தத்தைக் கூட்டும் போர் முடிந்தது என்று ஒலிப்பொறியாளர் பாப் காட்ஸ் அறிவித்தார். அவர் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு. ஆனால் அந்த அறிவிப்பு அவசரப்பட்டது. அதற்குச் சாட்சி என் அக்கா மகனின் திரையிலேயே இருந்ததே.

பாட்டின் மொத்தச் சத்தத்தை அளக்கும் அவனுடைய மீட்டர் மைனஸ் 6 காட்டியது. ஸ்பாட்டிஃபை வழக்கமாக வைத்திருக்கும் மட்டம் மைனஸ் 14. அங்கே போனதும் இவன் பாட்டை 8 டெசிபெல் இறக்கிவிடுவார்கள். கூடுதல் சத்தம் வாசலிலேயே போய்விடும். சீவிய முனைகளும் திரும்பி வராது. சத்தத்தைக் கூட்டும் குமிழ் கேட்கிறவர் கையில் இருக்கிறது. சீவியதை ஒட்டவைக்கும் குமிழ் யாரிடமும் இல்லை.

“லிமிட்டரை எடுத்துட்டு ஒரு தடவை மிக்ஸை இறக்குடா” என்றேன். நசுக்கிய வடிவத்தைக் குறைத்து இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்தான். பாட்டின் நடுவே அவன் நண்பன் வாசித்த பறை வருகிறது. நசுக்கியதில் அது கீபோர்டின் உயரத்திலேயே நின்று கொண்டிருந்தது. மற்றதில் அடி விழுந்ததும் அவன் தோள் தன்னையறியாமல் அசைந்தது. மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டான். ஒன்றும் பேசவில்லை.

வீட்டில் இசை செய்யும் பிள்ளைகள் எல்லோரிடமும் கேட்பது இதுதான்: லிமிட்டர் போடாத மிக்ஸ் ஒன்றை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அனுப்பச் சொல்கிறவர்களுக்கு அதையும் சேர்த்து அனுப்புங்கள், இரண்டையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

சத்தம் பத்தவில்லை என்றவர்களுக்கு அன்று ராத்திரியே இரண்டு கோப்புகளையும் அனுப்பிவிட்டதாக அக்கா மகன் சொன்னான். பதில் இன்னும் வரவில்லை.