கால்வாய்க் கரையும் வாடகை வீட்டு மனசும்

மக்களே, மூன்று மாதமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. வருஷக் கடைசி கணக்கு, ஆடிட், டார்கெட் என்று சாக்குக்கா பஞ்சம்? போன ஞாயிற்றுக்கிழமையோடு சாக்கெல்லாம் தீர்ந்துபோச்சு.

மீரட்டுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த ஊரில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் ரேவடியும் கஜக்கும் கிடையாது, கங்கைக் கால்வாய்தான். நான் ஒரத்தநாட்டுக்காரன். புதாத்துக் கரையில் அட்லஸ் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவன். எதிரில் ஒரு மாட்டு வண்டி வந்தால் அதுதான் டிராஃபிக். அதனால் ஜானி பாலத்துக்கு அந்தப்பக்கம் வலது கரையில் மண் பாதையைப் பார்த்த அன்றைக்கே மகளுக்கும் எனக்கும் இரண்டு சைக்கிள் வாங்கிவிட்டேன். (தங்கமணி முறைத்தது தனிக்கதை.)

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு ஜானியிலிருந்து போலா ஜால் வரைக்கும் போவோம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கரும்பு. குளிர்காலம் என்றால் வெல்லம் காய்ச்சுகிற வாசனை அரை மைல் முன்னாடியே வந்து நிற்கும். மீன்கொத்தி, எப்போதாவது ஒரு நீலமான். ஹாரன் சத்தம் கிடையாது. போலாவில் தண்ணீர் இரைந்து விழும், ஒரு டீ, திரும்பி வருவோம். மூன்று வருஷத்தில் மகளுடன் நான் பேசியதில் பாதி அந்தக் கரையில் பேசியதுதான்.

போன ஞாயிறு வலது கரையில் போக முடியவில்லை. ஒரு இடத்தில் வெட்டிய மரங்கள் குறுக்கே கிடந்தன. சரி என்று இடது கரைக்குப் போனோம். அது ஏற்கெனவே தார் போட்டு, காவட் சாலை என்று பெயர் வைத்து, இப்போது டெல்லிக் கார்கள் ஹரித்வாருக்குப் போகிற குறுக்கு வழியாகிவிட்டது. பின்னாலிருந்து ஒரு எஸ்யூவி, காதைக் கிழிக்கிற ஹாரன். மகள் பதறி ஒதுங்கினாள். அந்த இடத்தில் தடுப்புச்சுவர் இல்லை. முன்சக்கரம் கரைச் சரிவில் இறங்கி ஒரு புதரில் மாட்டி நின்றது. கங்கைக் கால்வாயின் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. வண்டி நிற்கவே இல்லை.

இனி மேட்டருக்கு வருவோம்.

இந்தக் கால்வாய் 1842-ல் ஆரம்பித்து 1854-ல் திறக்கப்பட்டது. கட்டியவர் ப்ரோபி காட்லி. நம்ம ஊர் ஆட்கள் கும்பிடுகிற ஆர்தர் காட்டன் இருக்கிறாரே, முக்கொம்பிலும் அணைக்கரையிலும் 1836-ல் கொள்ளிடத்தை மறித்தவர், அவருக்கும் இந்தக் காட்லிக்கும் ஆகவே ஆகாது. கால்வாயின் தலைப்பு வைத்த இடமே தப்பு என்று ஆரம்பித்துக் காட்டன் விளாசித் தள்ளினார். சண்டையில் யார் சரி என்பதை இஞ்சினியர்கள் சொல்லட்டும். எனக்கு வேண்டியது ஒரு சின்ன விஷயம். பாசனத்தோடு படகுப் போக்குவரத்துக்கும் சேர்த்தே இது கட்டப்பட்டது, அருவி மாதிரி விழுகிற இடங்களில் படகு ஏறி இறங்க மதகு வைத்தார்கள். அதிகாரிகள் மேற்பார்வைக்குப் போக இரண்டு பக்கமும் கரைப் பாதை விட்டார்கள், நிழலுக்கு மரம் வைத்தார்கள். படகு போச்சு, பாதை நின்றது.

இன்னொன்றும் கேளுங்கள். 1873-ஆம் வருஷத்து வட இந்திய கால்வாய் மற்றும் வடிகால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 70-ஆம் பிரிவுப்படி, விதிக்கு மாறாக, வேண்டாம் என்று தடுத்த பிறகும், கால்வாய்க் கரைமேல் வண்டியையோ மாட்டையோ ஓட்டிக்கொண்டு போவது குற்றம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாடியே வண்டியைத் தடுக்கிற அதிகாரம் கையில் இருக்கிறது.

என் மைத்துனன் ஜெர்மனியில் இருக்கிறான். டான்யூப் நதியோரம் பாசாவிலிருந்து வியன்னா வரைக்கும் குடும்பத்தோடு சைக்கிளில் போய் நூறு போட்டோ அனுப்பினான். குழுவில் எல்லோரும் "ஆஹா, ஓஹோ". ஐயா, அந்தப் பாதையில் பெரும்பகுதி அந்தக் காலத்தில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு போன கரைதான். காரை உள்ளே விடாமல், அடையாளப் பலகை நட்டு, சும்மா விட்டு வைத்தார்கள். நம்மிடமும் அதே சரக்கு கரையோரம் கிடக்கிறது.

நாம் என்ன செய்கிறோம்? முராத்நகரிலிருந்து புர்காசி வரைக்கும் 111 கிலோமீட்டருக்கு வலது கரையிலும் இருவழிச் சாலை போடுகிறோம். மூன்று மாவட்டங்களில் 1 லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேல் மரங்களை வெட்ட முதலில் அனுமதி வந்தது. 2024-ல் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்த பிறகு, 33,776 மரங்கள்தான் என்று அரசுத் தரப்பில் கணக்கு குறைந்தது. அதற்குள் 17,600 மரங்களுக்கு மேல் விழுந்தாகிவிட்டது. ஒரு கடன் விண்ணப்பத்தில் 1,12,000 என்று எழுதி, கேள்வி கேட்டதும் 33,000 என்று மாற்றினால் அந்த ஃபைலை நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கே தெரியும்.

காவட் யாத்திரைக்காக என்கிறார்கள். நானும் தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடந்தவன், பக்தியைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கங்கைத் தண்ணீரைத் தோளில் சுமந்து புரா மகாதேவுக்கு நடக்கிறவனுக்கு வேண்டியது நிழலும் காலுக்கு இதமான தரையுமா, ஆடி மாசத்துத் தாரா? அந்த இரண்டு வாரமும் தேசிய நெடுஞ்சாலையிலேயே லாரிகளை நிறுத்தி வேறு வழியில் திருப்பிவிடுகிறார்கள். ஆக, நினைத்தால் வண்டியை நிறுத்த முடியும். மிச்சம் ஐம்பது வாரத்துக்கு இந்தச் சாலை யாருக்கு? காருக்கு. காருக்குத்தான் 2021-லேயே டெல்லி - மீரட் எக்ஸ்பிரஸ்வே கொடுத்தாச்சே.

"சைக்கிளுக்கென்று தனியாகப் பாதை போட்டால் போச்சு" என்பார்கள் சிலர். அதையும் பார்த்தாச்சு. இதே மாநிலத்தில் 2016 நவம்பரில் எட்டாவாவிலிருந்து ஆக்ரா வரைக்கும் 207 கிலோமீட்டர் சைக்கிள் நெடுஞ்சாலை திறந்தார்கள். அன்றைக்கு ஆண்ட கட்சியின் சின்னமே சைக்கிள்தான். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. அதற்கப்புறம் அந்தப் பாதை பல இடங்களில் உடைந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடப்பதாகப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. தேர்தல் சின்னத்துக்குப் பாதை போட்டால் தேர்தலோடு போகும். காட்லியின் கரை எத்தனை ஆட்சியைப் பார்த்திருக்கிறது! எங்கள் பாஷையில் சொன்னால் தேய்மானம் எழுதி எழுதிப் புத்தக மதிப்பு ஒரு ரூபாய்க்கு வந்துவிட்ட சொத்து, இன்னும் வருமானம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதை இடித்துக் கடன் வாங்கிப் புதுசு கட்டுகிறவனுக்கு எந்த மேனேஜர் கையெழுத்து போடுவான்?

நான் கேட்பது புது ரோடும் இல்லை, மானியமும் இல்லை. ஒவ்வொரு பாலத்தடியிலும் கரைப் பாதையின் வாயில் ஒரு கம்பிக் குறுக்கு, அதற்கு ஒரு பூட்டு. கரும்பு ஏற்றுகிற காலத்தில் விவசாயியின் டிராக்டருக்குத் திறந்துவிடட்டும். சைக்கிளும் நடக்கிறவனும் ஓரமாக நுழைய இரண்டடி இடைவெளி. அவ்வளவுதான்.

இதைச் சொல்லத்தான் திங்கட்கிழமை ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அங்கிருந்தவர் ஒரே கேள்வி கேட்டார்: "சார், நீங்க எந்த ஊர்?" தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன். "அப்போ ரெண்டு வருஷத்துல போயிடுவீங்க" என்று சிரித்தார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் நம்மேல்தான். அன்று இரவே நம் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் விஷயத்தை எழுதினேன். ஆறு கட்டைவிரல். அதற்கு அடுத்த செய்தி சித்திரைத் திருநாள் சாப்பாட்டு டோக்கன் பற்றி. ஒருத்தர் மட்டும் தனியாக போன் பண்ணினார்: "அண்ணே, நமக்கெதுக்கு? இது நம்ம ஊரா?"

தம்பி, இந்தக் கால்வாய்த் தண்ணீர்தான் முராத்நகரில் பிரிந்து டெல்லிக்குக் குடிக்கப் போகிறது. அங்கே இருக்கிற உங்க மாமியார் வீட்டுக் குழாயில் வருவதும் அதுவாக இருக்கலாம். மூன்று வருஷம் இந்த ஊர்ச் சம்பளம், இந்த ஊர்ப் பள்ளிக்கூடம், இந்த ஊர் ரேஷன் கார்டு. கோயிலில் அய்யப்ப பூஜைக்கு மைக் கட்ட அனுமதி வேண்டுமென்றால் மட்டும் மாவட்ட அலுவலகம் நமக்குத் தெரிகிறது. சுவரில் ஆணி அடிக்க ஹவுஸ் ஓனரைக் கேட்டுக் கேட்டுப் பழகி, ஊரையே வாடகை வீடாக நினைத்துவிட்டோம். இதைவிட வெட்கம், புதாத்துக் கரையில் மரம் விழுந்தாலும் நாம் இங்கேயிருந்து கட்டைவிரல்தான் காட்டப்போகிறோம். அந்த ஊரையும் விட்டுத்தானே வந்தோம்?

தங்கமணி இனி சைக்கிள் கிடையாது என்று சொல்லிவிட்டாள். மகளின் முன்சக்கரம் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது, பழுது பார்க்கக் கொடுக்கவில்லை.

மனு தயார். இந்தியில் எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு போலா ஜால் டீக்கடையில் இருப்பேன். பேனா நானே கொண்டுவருகிறேன். பேங்க் பேனாதான், நூல் கட்டியிருக்கும் :-)