றெயிட் பக்அப் இல்லை, தோழர்களே



எங்கட அமைப்புகளில் அடிக்கடி கேட்கிற ஒரு வசனம் இருக்கிறது: "எல்லாம் சேர்வரில கிடக்கு. றெயிட் போட்டிருக்கு. பயப்பிடாதேங்கோ." இதைக் கேட்டால்தான் எனக்குப் பயம் பிடிக்கிறது.

நான் ரொறன்ரோவில் ஒரு டேட்டா சென்டரில் இரவு வேலை செய்கிறேன். சிவப்பு லைட் எரிந்தால் போய்ப் பார்ப்பது, டிஸ்க் மாற்றுவது, செத்துப்போன கொன்ட்ரோலர் கார்ட்டைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவது, இதுதான் சம்பள வேலை. சனி ஞாயிறுகளில் எங்கட ஆக்களின் அமைப்புகள் சிலவற்றுக்கு அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறேன். இரண்டு இடத்திலும் பொருள் ஒன்றுதான். ஆனால் கம்பனியில் ஒரு டிஸ்க் போனால் இரவு 2 மணிக்கு ஆளை எழுப்புவார்கள். எங்கட இடத்தில் டிஸ்க் போய் எட்டு மாதமாகியும் ஒருத்தருக்கும் தெரியாமல் சேர்வர் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தச் சேர்வர்களில் என்ன இருக்கிறது? அம்மம்மாமாரின் குரல் பதிவுகள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தந்த வாக்குமூலங்கள், பழைய துண்டுப்பிரசுரங்களின் ஸ்கான் பிரதிகள், ஊர்வலப் படங்கள். குரல் தந்தவர்களில் பலர் இப்ப உயிரோடு இல்லை. ஆகவே சேமிப்பைப் பராமரிப்பதை நான் அரசியல் வேலை என்கிறேன். அதை ஒரு 'கொம்பியூட்டர் அண்ணை'யின் தலையில் கட்டிவிட்டு மறக்கிற பழக்கத்தை நாங்கள் நிறுத்த வேண்டும்.

முதலில் றெயிட் என்றால் என்ன எண்டு பார்ப்பம். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி கற்ஸ் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய கணினிகளுக்கென்று விற்ற விலைகூடிய ஒற்றை டிஸ்க்குக்குப் பதிலாக, சின்னக் கணினிகளுக்கு விற்கிற மலிவான டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பாவிக்கலாம், சிலது பழுதானாலும் தரவு தப்பும் என்பது அவர்கள் வாதம். றெயிட் என்ற பெயரில் வருகிற 'ஐ' என்ற எழுத்துக்கு அவர்கள் வைத்த அர்த்தம் 'மலிவான'. பிறகு இதை விற்கத் தொடங்கிய தொழில்துறை அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டது. விலையைக் கூட்டி விக்கிறவைக்கு 'மலிவு' என்ற சொல் இடைஞ்சல்தானே.

வேலை செய்கிற விதம் பெரிய மந்திரமில்லை. றெயிட் 1 என்றால் ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் எழுதுவது. றெயிட் 5ஐ இப்படி யோசியுங்கோ: மூன்று பேர் ஆளுக்கொரு எண்ணை வைத்திருக்கிறார்கள், நாலாவது ஆள் கூட்டுத்தொகையை வைத்திருக்கிறார். ஒருவர் காணாமல் போனால் மிச்சப் பேரிடம் கேட்டு அவருடைய எண்ணைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு பேர் போனால் முடியாது. றெயிட் 6 இரண்டு பேர் போகும்வரை தாங்கும். றெயிட் 0 வேகத்துக்கு மட்டும்தான். அதில் ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு.

ஆக, றெயிட் தருவது ஒன்றே ஒன்று: டிஸ்க் ஒன்று செத்தாலும் சேர்வர் நிற்காமல் ஓடும், மாற்றுவதற்கு உங்களுக்கு நேரம் கிடைக்கும். அதுக்கு மேல எதையும் அது வாக்குத் தரவில்லை.

ஒருவர் ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் றெயிட் அதை எல்லா டிஸ்க்கிலும் விசுவாசமாக அழிக்கும். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கணினியில் சுமார் 77 டெராபைட், ஏறத்தாழ 3.4 கோடி கோப்புகள் அழிந்தன. காரணம் டிஸ்க் பழுது இல்லை. பக்அப் எடுக்கிற ஸ்கிரிப்டை மாற்றியபோது வந்த பிழை. ரான்சம்வெயர் வந்தாலும் இதே கதைதான், பூட்டுப்போட்ட கோப்பு எல்லா டிஸ்க்கிலும் பூட்டுப்போட்டபடியே இருக்கும்.

நெருப்பும் றெயிட்டைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. பக்அப்பையும் அதே இடத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். ஒரே கட்டடத்தில் வைத்தால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. சிலவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதியே இருக்கவில்லை. அந்த நாளை ஆண்டுதோறும் நினைவுகூருகிற நாங்கள், எங்கட பதிவுகளை ஒரு பேஸ்மென்டில் ஒரே பெட்டிக்குள் வைத்திருப்பது எந்த வகையில் நியாயம்?

இன்னொரு விசயம், டிஸ்க்குகள் சேர்ந்து சாகும். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே தொகுதியில் வாங்கிய நாலு டிஸ்க்குக்கும் ஒரே வயது, ஒரே களைப்பு. 2019 நவம்பரில் எச்.பி.இ. நிறுவனம் ஓர் அறிவித்தல் விட்டது: தன்னுடைய சில எஸ்.எஸ்.டி. வகைகள் ஃபேர்ம்வெயர் பிழையால் சரியாக 32,768 மணித்தியாலம் ஓடியதும், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணித்தியாலத்தில், செத்துவிடும். தரவையும் மீட்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பூட்டியிருந்தால் எல்லாம் ஒரே நாளில் போகும். றெயிட் 6 போட்டும் பிரயோசனமில்லை.

சாதாரண டிஸ்க்கில்கூட ஆபத்தான நேரம் றீபில்ட் நேரம்தான். 8 டெராபைட் டிஸ்க் ஒன்றை வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நிரப்பினாலே சுமார் 15 மணித்தியாலம் பிடிக்கும். சேர்வரை ஆக்கள் பாவித்துக்கொண்டிருந்தால் நாள்கணக்காக இழுக்கும். அவ்வளவு நேரமும் மிச்ச டிஸ்க்குகள் ஒவ்வொரு மூலையையும் வாசிக்க வேண்டும். மூன்று வருடமாக ஒருவரும் தொடாத மூலையில் பழுது இருந்தால் அன்றைக்குத்தான் தெரியவரும். அதனால்தான் பெரிய டிஸ்க்குகளுக்கு றெயிட் 5 வேண்டாம் எண்டு சொல்லுறன். றெயிட் 6 போடுங்கோ, அல்லது சோடி சோடியாக மிரர் பண்ணுங்கோ. மாதம் ஒருமுறை எல்லா டிஸ்க்கையும் முழுதாக வாசித்துச் சரிபார்க்கிற ஸ்க்ரப் வேலையை ஓடவிடுங்கோ.

இனிக் கொன்ட்ரோலர். ஐரோப்பிய நகரம் ஒன்றில் எங்கட ஆக்களின் சங்கம் ஒன்று வாய்மொழி வரலாறு சேர்த்து வந்தது. சேர்வரில் ஆறு டிஸ்க், ஒரு ஹார்ட்வெயர் றெயிட் கார்ட். ஒருநாள் கார்ட் செத்தது. ஆறு டிஸ்க்கும் நல்ல சுகமாக இருந்தன. ஆனால் தரவு எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு அந்தக் கார்ட் குடும்பத்துக்கு மட்டும் விளங்குகிற வடிவத்தில் இருந்தது. பூட்டிக் கொடுத்த கம்பனி அந்த மொடலுக்கு இப்ப ஆதரவு இல்லை என்றது. அதைப் பார்த்துக்கொண்ட அண்ணை வேறு நாட்டுக்குப் போய்விட்டார், பாஸ்வேர்ட் அவரிடம் மட்டும்தான். கடைசியில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் அதே மொடல் கார்ட் கிடைத்தது. டிஸ்க்குகளைப் பூட்டியதும் திரையில் ஒரு கேள்வி வந்தது: வெளியிலிருந்து வந்த அமைப்பு ஒன்று தெரிகிறது, ஏற்கவா, அழிக்கவா? 'இம்போர்ட்' என்றால் பத்து வருட உழைப்பு திரும்பி வரும். 'கிளியர்' என்றால் அந்த அடுக்கு விபரம் அழிந்துபோகும். இப்படியொரு கேள்விக்கு முன்னால் எந்தப் பயிற்சியும் இல்லாத ஒரு தன்னார்வலரைத் தனியே இருத்துவது சரியில்லை.

இந்தப் பூட்டு தற்செயலாக வந்ததில்லை. 2010இல் டெல் தன் புதிய கொன்ட்ரோலர்களில் வேறு கம்பனி டிஸ்க்குகளைத் தடுத்தது, வாடிக்கையாளர்கள் சத்தம்போட்ட பிறகு இறங்கி வந்தது. 2025இல் சைனோலஜி தன் பிளஸ் வகைப் பெட்டிகளில் அதையே செய்து, அதே வருடம் ஒக்டோபரில் பின்வாங்கியது. 2020இல் வெஸ்டேர்ன் டிஜிட்டல், வீட்டுச் சேர்வர்களுக்கென்று விற்ற றெட் வகை டிஸ்க்குகள் சிலவற்றுக்குள் றீபில்டுக்கு ஒவ்வாத எஸ்.எம்.ஆர். தொழில்நுட்பத்தைச் சொல்லாமல் வைத்திருந்தது பிடிபட்டது. மூன்று தடவையும் பாவனையாளர்கள் ஒன்றாகக் கேள்வி கேட்டதால்தான் கம்பனி வாய் திறந்தது. இதையும் குறித்து வையுங்கோ.

ஆகவே எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்கு என் பரிந்துரை மென்பொருள் றெயிட். லினக்ஸுக்குள்ளேயே எம்.டி. என்ற வசதி இருக்கிறது. இசட்.எஃப்.எஸ். அதைவிட ஒருபடி மேல், சத்தமில்லாமல் கெட்டுப்போகிற தரவையும் கண்டுபிடிக்கும். பெட்டி செத்தால் டிஸ்க்குகளைக் கழற்றி வேறு எந்த லினக்ஸ் கணினியிலும் பூட்டி வாசிக்கலாம். ஒருவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஹார்ட்வெயர் கார்ட்டுக்கும் இடமுண்டு. கரண்ட் போனாலும் எழுதிக்கொண்டிருந்த தரவைக் காக்கிற பட்டரி அதில் இருக்கிறது, பெரிய தரவுத்தளங்களுக்கு அது உதவும். ஆனால் அந்தப் பட்டரிக்கும் சில வருட ஆயுள்தான். அது செத்ததும் சேர்வர் திடீரென்று மெதுவாகும், காரணம் தெரியாமல் ஆக்கள் டிஸ்க்கை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

"ஏன் இந்தக் கரைச்சல், கிளவுட்டில போடலாமே?" என்று கேட்பீர்கள். போடுங்கோ, ஆனால் அது மட்டும் போதாது. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் தனியார் கிளவுட்டைக் கூகிள் கிளவுட் தவறுதலாக அழித்துவிட்டது. தனியே பக்அப் இருந்ததால்தான் அவர்கள் தப்பினார்கள். ஆறு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் உள்ள நிதியத்துக்கே அப்படியென்றால், எங்கட இலவசக் கணக்கை ஆர் மதிக்கப் போகினம்?

சிவப்பு லைட் எரிந்தால் இதைச் செய்யுங்கோ. முதலில் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ. எந்த டிஸ்க் என்று தொடர் எண்ணைப் பார்த்து எழுதுங்கோ, ஏனென்றால் றெயிட் 5இல் பழுதான டிஸ்க்குக்குப் பதிலாக நல்ல டிஸ்க்கை இழுத்தால் கதை முடிந்தது. றீபில்ட் தொடங்க முன்னம் முக்கியமானவற்றை வெளியே பிரதி எடுங்கோ. ஒரே நிமிடத்தில் மூன்று டிஸ்க் செத்ததாகக் காட்டினால் அனேகமாக டிஸ்க் சாகவில்லை, கேபிளையும் பவரையும் கார்ட்டையும் சந்தேகியுங்கோ. 'இனிஷியலைஸ்', 'கிளியர்' என்ற சொற்களைத் திரையில் கண்டால் நிறுத்திவிட்டு இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கோ.

அந்த 'இன்னொரு ஆள்' இருக்க வேண்டும் என்பதுதான் என் முழு வாதமும். கூட்டத்தில் மைக் பிடிக்கிறவர் ஆர் என்று விவாதிக்கிறோம். கூட்டம் முடிய ஆர் கதிரை அடுக்குகிறார்கள், ஆர் தேத்தண்ணி ஊத்துகிறார்கள் என்ற கேள்வியையும் எங்கட தோழியர் கேட்கப் பழக்கிவிட்டார்கள். சேர்வரும் அதே வகை வேலைதான், நடக்கும்வரை ஒருவர் கண்ணிலும் படாது. கதிரை வேலையில் இருந்து ஒரு வித்தியாசம், இதில் அறிவும் பாஸ்வேர்டும் சேர்ந்து ஒரே ஆளிடம் குவிகின்றன. அனேகமாக அது ஓர் ஆண். அவர் களைத்துப்போனால், கோபித்துக்கொண்டு போனால், செத்துப்போனால், எங்கட வரலாறும் அவரோடு போகும். அவர் நல்லவர் என்பது இதற்குப் பதிலாகாது.

எனவே மூன்று விசயம் கேட்கிறேன். ஒவ்வொரு அமைப்பிலும் குறைந்தது மூன்று பேருக்குச் சேர்வர் தெரிந்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பு மாற வேண்டும். தரவுக்கு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு நகரத்தில் என்ற பழைய விதியைக் கடைப்பிடியுங்கோ. ரொறன்ரோவின் பிரதியை லண்டன் தோழர்களும் அவர்களுடையதை நாங்களும் பூட்டுப்போட்ட வடிவில் வைத்திருந்தால் வாடகை கூட இல்லை. வாக்குமூலம் தந்தவர்களின் பாதுகாப்புக்கு அந்தப் பூட்டு கட்டாயம்.

மூன்றாவது சின்ன வேலை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் பத்து நிமிடம் ஒதுக்குங்கோ. பக்அப்பில் இருந்து ஏதாவது ஒரு குரல் பதிவை, அந்த அண்ணை கை வைக்காமல், வேறொருவர் மீட்டெடுத்து எல்லாருக்கும் போட்டுக் காட்டட்டும். குரல் கேட்டால் சந்தோசம். கேட்காவிட்டால் எனக்கு எழுதுங்கோ, சனிக்கிழமை வந்து சேர்ந்து பார்ப்பம்.

தோழமையுடன்,
இரவு வேலைக்காரத் தோழர் ஒருவர், ரொறன்ரோ